வெள்ளை பேஸ்பால் பேண்ட்டில் ஜார்ஜியா செம்மண்: என்ன போட்டாலும் போகவில்லை, வழி சொல்லுங்கள்

ஜான்ஸ்க்ரீக் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். இதைக் கேட்கவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இருபது வருஷமாகத் துணி துவைக்கிறவள் கேட்கிற கேள்வியா இது என்று. அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறோம். பையனுக்கு ஒன்பது வயது. போன வருஷம் வரை அவன் அப்பாவோடு பார்க்கிங் லாட்டில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன், இந்த சீசனில் கூடப் படிக்கிற பையன்களைப் பார்த்து பேஸ்பாலில் சேர்ந்துவிட்டான். நன்றாகத்தான் ஆடுகிறான், அதில் குறையில்லை. கோச் மட்டும் டீமுக்கு வெள்ளை பேண்ட் என்று முடிவு பண்ணிவிட்டார். வெள்ளை! இந்த ஊர் மண்ணில்!

ஓடிப்போய்த் தொட வேண்டிய திண்டை, அதாவது பேஸை, மண்ணில் சறுக்கித் தொடுவதுதான் ஸ்லைடு. அதைக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து தேவை இருக்கிறதோ இல்லையோ சறுக்குகிறான். பந்து அங்கே அவுட்ஃபீல்டில் உருண்டுகொண்டிருக்கும், ஒருத்தரும் எடுத்திருக்க மாட்டார்கள், இவன் இரண்டாம் பேஸில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து விழுவான். கறை எப்போதும் ஒரே இடத்தில்தான்: இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு, அப்புறம் இடது பக்க இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு.

நான் செய்தது: வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரில் மெஷினில் போட்டேன். போகவில்லை. ப்ளீச் ஊற்றி மறுபடி போட்டேன். சிவப்பாக இருந்தது ஆரஞ்சாக மாறியது, அவ்வளவுதான். ட்ரையரில் போட்டு எடுத்தால் காவி வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. மெஷின் அடியில் செக்கச்செவேல் என்று வண்டல். இரண்டு பேண்ட்தான் இருக்கிறது, ஒன்று 25 டாலர். ஒன்றைக் கெடுத்தாயிற்று. வருகிற சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஞாயிறு காலை எட்டு மணிக்கு இன்னொன்று. ராத்திரியோடு ராத்திரியாக எப்படி வெளுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் பேஸ் அப்பா:

இரண்டு பையன்கள், ஏழு சீசன் ஆகிறது, எங்கள் வீட்டில் இந்தத் துறை என்னுடையது. முதல் தப்பு, ஈர மண்ணோடு மெஷினில் போட்டது. அது மண்ணை எடுக்காது, கரைத்து துணி முழுக்கப் பரப்பும். ஈரமாக இருக்கும்போது தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். காய விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பேண்ட்டை வெளியே எடுத்துப்போய் டெக் கைப்பிடியில் ஓங்கி அடியுங்கள், படிக்கல்லில் அடிக்கிற மாதிரி. பாதி மண் அங்கேயே கொட்டிவிடும். மிச்சத்துக்கு உலர்ந்த பிரஷ்.

அடுத்தது தோட்டக் குழாய். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பேண்ட்டை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டு, கறைக்கு நேர் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். மண் எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாக வெளியே தள்ளப்படும். முன்பக்கத்திலிருந்து அடித்தால் இன்னும் ஆழமாக ஏற்றுகிறோம். குளிர்ந்த தண்ணீர் போதும். ஓடுகிற தண்ணீர் சிவப்பில்லாமல் தெளிவாக வருகிற வரைக்கும் அடியுங்கள், பத்து நிமிஷம் ஆனாலும் சரி. எங்கள் டீமில் சிலர் பேண்ட்டை வேலியில் கட்டி பவர் வாஷரால் அடிப்பார்கள். வேலை செய்யும். ஆனால் நானும் ஆசைப்பட்டு ஒரு தடவை கிட்டத்தில் வைத்து அடித்து, பின்தையல் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. அடிப்பதாக இருந்தால் மூன்றடி தள்ளி நில்லுங்கள்.

அதன்பிறகு சோப்பு. சூப்பர் மார்க்கெட்டில் துணி சோப்பு அடுக்கில் கீழ்த்தட்டில் ஃபெல்ஸ்-நாப்தா என்று மஞ்சள் கட்டி ஒன்று இருக்கும். நம்ம ஊர் 501 பார் சோப்புக்கு அமெரிக்க அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியில் கறைமேல் நன்றாக அப்பி, அரை மணி நேரம் விட்டு, நகத்தை விடக் கொஞ்சம் மெத்தென்ற பிரஷால் தேய்த்து அலசுங்கள். ராத்திரி ஒரு வாளி சுடுதண்ணீரில் ஆக்ஸிக்ளீன் என்கிற கறை நீக்கும் பொடியைக் கரைத்து ஊற வைத்து, காலையில் மெஷினில் போடலாம். எனக்கு பத்தில் எட்டு தடவை இதிலேயே போய்விடும்.

ட்ரையர் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். சூட்டில் மிச்சக் கறை துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியில் கறை போனது மாதிரி தோன்றும், ஏமாந்துபோவோம். நிழலில் காய வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

திருப்பூர் சாயப்பட்டறை:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. மிச்சம் போகாத அந்த இரண்டு தடவைக்கு நான் சொல்கிறேன். பதினாறு வருஷம் ஊரில் சாயப்பட்டறையில் இருந்துவிட்டு இப்போது நார்த் கரோலினாவில் இருக்கிறேன், இங்கேயும் இதே செம்மண்தான்.

அம்மணி, ப்ளீச் பாட்டிலை முதலில் தூக்கி மேலே வையுங்கள். உங்கள் ஊர் மண் ஏன் சிவப்பு என்று யோசித்துப் பாருங்கள். இரும்பு. களிமண் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு பூசியிருக்கிறது, பச்சையாகச் சொன்னால் துரு. நீங்கள் துவைப்பது அழுக்கை அல்ல, துருவை. ப்ளீச் எப்படி வெளுக்கிறது? கறையில் இருக்கிற நிறத்தை ஆக்சிஜனேற்றம் பண்ணி, அதாவது ஒருவிதத்தில் எரித்து. டீக் கறை எரியும், புல் கறை எரியும். துரு ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மறுபடி கொளுத்த முடியுமா? ஆக்ஸிக்ளீனும் அதே ஜாதிதான், தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு விடுகிற பொடி. அது வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும், அந்தப் பிசுக்கில் ஒட்டியிருந்த மண் கழன்று வரும், அதனால் வெளுத்த மாதிரி தெரியும். இரும்பை அது தொடாது.

இன்னொன்று, களிமண் துகள் இரண்டு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. பையன் முழு எடையோடு சறுக்கும்போது அதை இழைக்கும் இழைக்கும் நடுவில் அரைத்து ஏற்றிவிடுகிறான். பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயைத்தான் பிடித்துவைத்துக்கொள்ளும். சாஃப்ட்னர் போடுகிறீர்களா? நிறுத்துங்கள், அது இழைமேல் ஒரு படலம் போட்டு மண்ணுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது.

நீங்கள் சொல்கிற ஆரஞ்சு நிறத்தில் எனக்கு இன்னொரு சந்தேகம். சன்ஸ்க்ரீன் தடவி அனுப்புகிறீர்கள்தானே? அவோபென்ஸோன் இருக்கிற சன்ஸ்க்ரீன் இரும்போடு சேர்ந்தால் துரு மாதிரியே ஆரஞ்சுக் கறை விழும். ஜெர்சி கழுத்தைப் பாருங்கள், அங்கேயும் இருந்தால் அதுதான்.

சரி, மருந்து. குத்துவிளக்கை எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளி. உலோகத்தின் மேல் பிடித்த ஆக்சைடைப் புளியில் இருக்கிற அமிலம் கரைத்துக்கொண்டு போகிறது. துணித் துருவுக்கு அந்த வேலையைச் செய்வது ஆக்சாலிக் அமிலம், பட்டறையில் இரும்புக் கறை விழுந்தால் நாங்கள் தேடுவது அதைத்தான். இங்கே கடையில் பாத்திரம் தேய்க்க விற்கிற பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் பொடியில் அது இருக்கிறது. ஈரக் கறைமேல் தூவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குழம்பு மாதிரி ஆக்கி, பத்து நிமிஷம், விரலால் லேசாகத் தட்டிவிட்டு, நிறையத் தண்ணீரில் அலசல். அதில் மெல்லிய அரம் மாதிரி துகளும் கலந்திருக்கிறது, அதனால் பிரஷ் வைத்து அழுத்தித் தேய்த்தால் துணி நையும்.

முழு பேண்ட்டும் சிவந்திருந்தால் அயர்ன் அவுட் பொடி. தண்ணீர்க் குழாய்த் துருவுக்கு விற்பது, இங்கே பேஸ்பால் வீடுகளில் பாதிப் பேர் வைத்திருப்பார்கள். அதில் இருப்பது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், நம்ம பட்டறையில் ஹைட்ரோஸ் என்போம். அது ப்ளீச்சுக்கு நேர் எதிர், இரும்பிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி அதைத் தண்ணீரில் கரைகிற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். சுடுதண்ணீரில், டப்பாவில் போட்ட அளவுக்குக் கரைத்து ஊறப் போட்டால் கண் முன்னால் சிவப்பு கலையும். முதல் தடவை பார்க்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இந்த இரண்டில் எதையும் ப்ளீச்சோடு சேர்க்கவே கூடாது. ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைத்துவிடும். உங்கள் பேண்ட் ஏற்கெனவே ப்ளீச் குடித்தது, அதனால் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை மெஷினில் ஓட்டி எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். வாளியையும் கழுவுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கராஜாக இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள், பொடி குழந்தை கைக்கு எட்டக் கூடாது. ஆக்ஸிக்ளீனையும் அயர்ன் அவுட்டையும் ஒரே வாளியில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று கொடுக்கிறது, ஒன்று பிடுங்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் கறையை அப்படியே விட்டுவிடும். ஹைட்ரோஸ் சாயத்தையும் உரிக்கும், பேண்ட் ஓரத்தில் சிவப்பு பைப்பிங், அதாவது கோடு மாதிரி வைத்துத் தைத்த பட்டி, இருந்தால் முதலில் உள்பக்கம் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நம்பர் ஒட்டின ஜெர்சியை அதில் போடவே வேண்டாம். துருக் கறைக்கென்று சின்ன பாட்டிலில் சில திரவங்கள் விற்கும், லேபிளில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் என்று இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். தோல் வழியாக எலும்பு வரைக்கும் போகிற சாமான் அது, ஒரு பேண்ட்டுக்காக அந்த வம்பு வேண்டாம்.

பென்சில்வேனியா பெரியப்பா:

எல்லோரும் ரசாயன வகுப்பு எடுக்கிறீர்கள், நல்லது. நான் ஒன்று கேட்கிறேன், ஒன்பது வயதுப் பையன் பேண்ட் ஏன் வெள்ளையாகவே இருக்க வேண்டும்? 1939இல் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் ஆரம்பித்த வில்லியம்ஸ்போர்ட் எங்களுக்கு மூன்று மணி நேரக் கார்ப் பயணம், பையன்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு ஆகஸ்ட் அங்கே போய் உலகத் தொடர் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடியும்போது ஒரு பையன் பேண்ட் வெளுப்பாக இருந்தால் என்ன நினைப்போம்? பாவம், பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்றுதான். கோச்சிடம் பேசி அடுத்த சீசன் சாம்பல் நிறத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரிய லீகிலேயே வெளியூர் ஆட்டத்துக்குச் சாம்பல் நிறம்தானே போடுகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், கறை காலோடு நிற்கிறது. லிட்டில் லீக் விதியில் பன்னிரண்டு வயது வரைக்குமான பிரிவுகளில் அடுத்த பேஸுக்கு ஓடும்போது தலையை முன்னே நீட்டிச் சறுக்கினால் அவுட், திரும்பி வரும்போது மட்டும்தான் அது செல்லும். அதனால்தான் இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி விழுகிறான், உங்கள் கறையும் இடது பக்கமே இருக்கிறது. பதிமூன்று வயதானதும் நெஞ்சாலேயே மண்ணை உழுதுகொண்டு வருவான், அப்போது ஜெர்சியும் சேர்ந்துகொள்ளும்.

துவைக்கிற வேலையை அவனிடமே கொடுங்கள். என் பெரியவன் பத்து வயதிலிருந்து குழாயடியில் அவனேதான் அடிக்கிறான். அதற்குப் பிறகு சும்மா சறுக்குவது தானாகக் குறைந்தது.

ஜான்ஸ்க்ரீக் அம்மா:

பெரியப்பா, கோச்சிடம் பேசிப் பார்த்தாயிற்று, சிரிக்கிறார். பையன் துவைப்பான், ஆனால் இந்தப் பொடியெல்லாம் அவன் கையில் கொடுக்க மாட்டேன், குழாயடி வரைக்கும்தான் அவன். திருப்பூர் அண்ணா, ஜெர்சி கழுத்தைப் பார்த்தேன், ஆரஞ்சு இருக்கிறது!! இத்தனை நாள் மெஷினில் துரு என்று நினைத்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காரைக்குடி மகள்:

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், படித்துக் காட்டினேன். “எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு கல்லுப்பு வச்சு வெயில்ல போடச் சொல்லு, இதுக்குப் போயி இத்தனை மருந்தா” என்கிறார்கள். எங்கள் வீட்டில் கொடிக்கம்பித் துரு வேட்டியில் பட்டால் அப்படித்தான் எடுப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். கடைசி அலசலில் சொட்டு நீலமும் விடச் சொல்கிறார்கள்.

திருப்பூர் சாயப்பட்டறை:

ஆத்தா சொல்வது அசல் வைத்தியம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், ஆக்சாலிக்குக்குத் தம்பி. ஒரு சின்னப் புள்ளி என்றால் அதுவே போதும், சாறு காயக் காய மறுபடி பிழிந்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். ஒரு சாண் நீளக் கறைக்கு ஒரு கூடை எலுமிச்சை வேண்டும், ஞாயிறு காலைக்குள் வெயிலும் வராது. ஜெர்சி கழுத்து ஆரஞ்சுக்கு முதலில் இதையே முயற்சி செய்யுங்கள், ஹைட்ரோஸ் அளவுக்குச் சாயத்தை உரிக்காது. இங்கேயும் ஓரமாக ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு. நீலம் பருத்தியில் பிடிக்கிற மாதிரி பாலியஸ்டரில் பிடிக்காது, விட்டுவிடலாம்.

ஜான்ஸ்க்ரீக் அம்மா:

ஞாயிறு மதியம் எழுதுகிறேன். நேற்று இரண்டாவது ஆட்டம் முடிய ஆறு மணி. ஆட்டம் நடுவில் தூறல் வேறு, பேண்ட் ஈரமாக வந்தது. காய விடச் சொன்னீர்களே என்று ஃபேன் முன்னால் தொங்கவிட்டேன், எட்டு மணிக்குக் காய்ந்தது. பையன் டெக்கில் அடித்தான், செங்கல் பொடி மாதிரி கொட்டியது. திருப்பிப் போட்டுக் குழாய் அடித்ததும் அவன்தான், அவனும் பாதி நனைந்து வந்தான். மஞ்சள் சோப்பிலேயே முக்கால்வாசி போய்விட்டது. முழங்கால் தையல் ஓரமும் இடுப்பும் மட்டும் சிவப்பாக நின்றது. கராஜ் கதவைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, அயர்ன் அவுட்டில் முக்கினேன். தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த கந்தக வாடை. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும்போதே சிவப்பு மறைகிறது அண்ணா! அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

ப்ளீச் குடித்த பழைய பேண்ட்டை இரண்டு தடவை வெறும் தண்ணீரில் ஓட்டிவிட்டு இன்று காலை முக்கினேன். ஆரஞ்சு பெரும்பகுதி போய்விட்டது, தையல் நூலில் மட்டும் லேசாக இருக்கிறது. சிவப்பு பைப்பிங் கொஞ்சம் வெளுத்தது, தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. இடுப்பில் ஒரு புள்ளி நின்றது, பையன் வந்து “அது நான் ஹோம் ப்ளேட்டுக்கு வந்த ஸ்லைடும்மா, அதை எடுக்காதே” என்றான். எடுத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். முழங்காலில் பச்சையாகப் புல் கறை ஒன்று, இத்தனைக்கும் அசையவில்லை. இன்னொன்று, கறை போன பிறகுதான் தெரிகிறது, இடது முழங்காலில் துணி கொசுவலை மாதிரி நைந்திருக்கிறது. அடுத்த ஸ்லைடில் கிழியும்.

திருப்பூர் சாயப்பட்டறை:

புல் கறை இரும்பு இல்லை, பச்சையம். அதற்கு இப்போது வழி தலைகீழ்: மருந்துக்கடை ரப்பிங் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒற்றியெடுங்கள், பச்சை பஞ்சில் ஏறும். அப்புறம் என்சைம் இருக்கிற டிடர்ஜென்ட் தடவி அரை மணி நேரம், மிச்சத்துக்கு ஆக்ஸிக்ளீன். அயர்ன் அவுட் வாடை துளிகூட இல்லாமல் அலசிவிட்டு ஆரம்பியுங்கள். மெஷினையும் ஒரு தடவை காலியாக ஓட்டிவிடுங்கள், அடியில் வண்டல் என்றீர்களே.

மூன்றாம் பேஸ் அப்பா:

கிழிசலுக்கு: முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைத்த பேண்ட் தனியாக விற்கிறது, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். இப்போதைக்கு உள்பக்கம் பழைய பேண்ட் துணியில் ஒரு துண்டு வெட்டி நாலு ஓரமும் தைத்துவிடுங்கள். இஸ்திரி போட்டு ஒட்டுகிற பேட்ச் வேண்டாம், மூன்றாவது ஸ்லைடில் சுருண்டுகொண்டு வந்துவிடும்.